மஞ்சளுக்குக் கிராபீன் மின்வாய்: கரைப்பானை மாற்றுவதற்கு முன்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கொழும்பில் பட்டப்பின்படிப்பு செய்யும் ஒரு மாணவி கேட்கிறார்: சந்தையில் விற்கும் மஞ்சள்தூளில், அதற்கு நிறம் தரும் குர்குமின் எவ்வளவு இருக்கிறது என்று மின்னிரசாயன முறையில் அளக்க வேண்டும். கையில் அச்சிட்ட கிராபீன் (காபன் அணுக்களின் மெல்லிய படலம்) மின்வாய் ஒரு பெட்டி இருக்கிறது. குர்குமின் தண்ணீரில் கரையாது. ஆகவே அசற்றோநைத்திரைல் என்ற கரிமக் கரைப்பான், திரவ நிலையிலுள்ள உப்பான அயனித் திரவம், அல்லது இப்போது எல்லோரும் பேசும், சூழலுக்குக் கேடு குறைந்த பச்சைக் கரைப்பான் ஒன்றில் அளக்கலாமா? எது நல்லது?

நேரடிப் பதில்: குர்குமினைப் பிரித்தெடுக்க எந்தக் கரைப்பானையும் எடுங்கள், எதனோலே போதும். ஆனால் அளக்கும் கலத்துக்குள் அந்தக் கரைப்பானை நிரப்பாதீர்கள். நிரப்பினால் கிராபீனுக்குக் கொடுத்த காசு வீண்.

ஏன் என்று சொல்ல வேண்டும். தண்ணீர் கலந்த கரைசலில் கிராபீன் மின்வாயில் குர்குமினுக்குப் பெரிய மின்னோட்ட உச்சம் வருகிறதே, அது கிராபீன் இலத்திரனை வேகமாக மாற்றுவதால் மட்டும் வருவதில்லை. பெரும்பங்கு வேறு இடத்திலிருந்து வருகிறது. குர்குமின் மூலக்கூறு நீளமானது, தட்டையானது, இரண்டு முனையிலும் அரோமற்றிக் வளையம் உள்ளது. தண்ணீருக்கு அதைப் பிடிக்காது. கிராபீனும் அப்படியே தட்டை, அதற்கும் தண்ணீர் அவ்வளவாக ஒட்டாது. இரண்டும் ஒன்றையொன்று தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். மின்வாயைக் கரைசலில் ஐந்து நிமிடம் வைத்துவிட்டு அளந்து பாருங்கள், உச்சம் வளர்ந்திருக்கும். கரைசலில் பரந்து கிடந்ததை மேற்பரப்பு தானாகச் சேர்த்து வைத்திருக்கிறது.

இப்போது தண்ணீரை எடுத்துவிட்டு அசற்றோநைத்திரைலை ஊற்றுங்கள். குர்குமின் கரைப்பானிலேயே சுகமாக இருக்கும், மேற்பரப்புக்கு வர அதற்கு என்ன தேவை? டைமெதில்போமமைட்டு, என்எம்பி (என்-மெதில் பைரொலிடோன்) போன்ற கரைப்பான்களில் நிலைமை இன்னும் மோசம். என்எம்பியின் மேற்பரப்பு இழுவிசை மீற்றருக்கு ஏறத்தாழ 40 மில்லிநியூட்டன். காரீயத்தின் (பென்சிலிலுள்ள கிராபைற்றின்) மேற்பரப்புச் சக்தியோடு அது நன்றாகப் பொருந்துவதால்தான் 2008இல் டப்ளின் ட்ரினிட்டிக் கல்லூரிக் குழுவினர் அந்தத் திரவத்திலேயே காரீயத்தைக் குலுக்கிக் கிராபீன் படலங்களாகப் பிரித்தார்கள். கிராபீனைத் தாங்கி நிற்கும் அளவுக்கு அதோடு ஒட்டும் கரைப்பான், உங்கள் குர்குமினுக்கு எப்படி இடம் விடும்?

சரி, அப்படியானால் மாற்றுக் கரைப்பான்கள் எதற்கும் உதவாதா? உதவும், வேறு வேலைகளுக்கு. தண்ணீரின் கஷ்டம், உடையாமல் தாங்கும் வோல்ற்று எல்லை, அதாவது விண்டோ, குறுகியது. வெப்ப இயக்கவியல் கணக்கில் 1.23 வோல்ற்றில் அது உடைந்துவிடும். காபனில் அந்த உடைவு மெதுவாக நடப்பதால் நடைமுறையில் இரண்டு வோல்ற்று வரை ஓட்டலாம். உலர்ந்த அசற்றோநைத்திரைலில் சரியான உப்போடு ஐந்து வோல்ற்று வரை கிடைக்கும். சில அயனித் திரவங்களில் நாலு முதல் ஆறு. சூப்பர் கப்பாசிற்றர் செய்பவர்களுக்கு இது பொன். சேமிக்கும் சக்தி வோல்ற்றளவின் வர்க்கத்தோடு போவதால், ஒரு வோல்ற்றிலிருந்து மூன்றுக்குப் போனாலே ஒன்பது மடங்கு. குர்குமினோ ஒரு வோல்ற்றுக்குள்ளேயே ஒட்சியேறிவிடும். ஐந்து வோல்ற்று விண்டோவை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்?

இன்னொன்றும் இருக்கிறது. குர்குமினின் பீனோல் கூட்டங்கள் ஒட்சியேறும்போது புரோத்தனையும் விட்டுவிட வேண்டும். தண்ணீரில் அதை வாங்கிக்கொள்ள ஆள் உண்டு. அசற்றோநைத்திரைலில் வாங்குவார் இல்லை, ஆகவே உச்சம் நேர் வோல்ற்றுப் பக்கமாகத் தள்ளிப் போகும், வடிவமும் குழம்பும். அதைப் பார்த்துவிட்டு கிராபீன் வேலை செய்யவில்லை என்று எழுதி வைத்த குறிப்பேடுகளை நான் கண்டிருக்கிறேன். கிராபீன் பாவம், அது ஒன்றும் செய்யவில்லை.

இந்த ஊரின் ஈரக் காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கரைப்பானை மாற்றுவதாக நினைத்துப் பலர் மாற்றாமலே இருந்துவிடுகிறார்கள். கொழும்புக் காற்றில் ஈரப்பதன் பெரும்பாலும் 75, 80 சதவீதத்தைச் சுற்றியே நிற்கும். அசற்றோநைத்திரைலில் எடைப்படி 0.1 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் அது எவ்வளவு? ஒரு லீற்றரில் 0.79 கிராம், அதாவது ஏறத்தாழ 44 மில்லிமோலர். உங்கள் மாதிரி ஒரு மில்லிமோலர் என்றால், தண்ணீர் அதைவிட நாற்பது மடங்குக்கு மேல். போத்தலில் உலர் கரைப்பான் என்று அச்சிட்டிருப்பதை நம்பிக்கொண்டு இருப்போம், உள்ளே தண்ணீர் முதலாளியாக உட்கார்ந்திருக்கும்.

குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த போத்தலை உடனே திறக்கும் பழக்கம்தான் முதல் குற்றவாளி. கண்ணாடியின் வெளிப்பக்கம் வியர்க்கிறதல்லவா, மூடியைத் திறந்த கணத்தில் உள்ளேயும் அதுதான் நடக்கிறது. போத்தல் அறை வெப்பத்துக்கு வரும்வரை பொறுங்கள், ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வரலாம். மூன்று ஆங்ஸ்ட்ரோம் துளையுள்ள மூலக்கூற்று வடிகளை (தண்ணீரை உறிஞ்சும் மணிகள்) 300 பாகை அளவில் சூடாக்கி உலர்த்தி, கரைப்பானில் ஒரு இரவு போட்டு வைத்தால் தண்ணீர் நன்றாக இறங்கிவிடும். நாலு ஆங்ஸ்ட்ரோம் வடி அசற்றோநைத்திரைலுக்குச் சரிவராது, அதன் துளைகளுக்குள் அசற்றோநைத்திரைலே நுழைந்து உட்கார்ந்துகொள்ளும்.

பச்சைக் கரைப்பான்களில் உங்களை யாரோ ஆசைகாட்டியிருப்பது ஆழ் யூட்டெக்டிக் வகையாகத்தான் இருக்கும். 2003இல் லெஸ்டரில் அன்ட்ரூ அபொட் குழு கோலின் குளோரைட்டையும் யூரியாவையும் ஒன்றுக்கு இரண்டு மோல் வீதம் கலந்தது. இரண்டுமே திண்மம், கலவையோ 12 பாகையில் உருகிவிடுகிறது, அறையில் திரவம். கோலின் குளோரைட்டு கோழித் தீனியில் சேர்க்கும் சாமான், யூரியா உரம். மலிவுதான், நஞ்சும் குறைவு. ஆனால் குர்குமினுக்கு இந்த இணை ஆகாது. யூரியாக் கலவை சற்றுக் காரத்தன்மை உடையது, குர்குமின் காரத்தில் சிதையும். மஞ்சள் நிறம் சிவப்புக்குத் திரும்புவதைக் கண்ணாலேயே பார்க்கலாம், குங்குமம் செய்யும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. யூரியாவுக்குப் பதில் எத்திலீன் கிளைக்கோல் அல்லது இலற்றிக் அமிலம் சேர்த்த கலவைகள் பரவாயில்லை.

எத்திலீன் கிளைக்கோல் கலவையை நான் முதன்முதல் செய்த நாள் நினைவிருக்கிறது. அழகான தெளிந்த திரவம். ஒரு சின்ன முகவையில் எடுத்து நாலு தசம இடத் தராசில் வைத்தேன். கடைசி இலக்கம் நிற்கவில்லை. தராசு பழுது என்று நினைத்துக் கதவுகளை மூடி, மட்டத்தைச் சரிபார்த்து, மறுபடி வைத்தேன். இலக்கம் ஏறிக்கொண்டே இருந்தது. திரவம் என் கண்முன்னே காற்றிலிருந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. வெளியே மழை பெய்து ஓய்ந்த மாலை. அதன்பின் நான் அதோடு சண்டை பிடிப்பதில்லை. வேண்டுமென்றே 5 சதவீதம் தண்ணீரை நானே சேர்த்து, அந்த அளவைக் குறிப்பில் எழுதிவிடுவேன். தெரியாத தண்ணீரைவிடத் தெரிந்த தண்ணீர் மேல். பிசுக்கும் கொஞ்சம் இறங்கும்.

அந்தப் பிசுக்கு சின்ன விஷயமல்ல. அசற்றோநைத்திரைலின் பிசுக்கு தண்ணீரினதில் பாதிக்கும் குறைவு. கிளைக்கோல் கலவையினது தண்ணீரைவிட நாற்பது மடங்கு அளவு. யூரியாக் கலவை அதையும் தாண்டித் தேனை நினைவூட்டும். பிசுக்கு ஏறினால் மூலக்கூறு மின்வாய்க்கு வந்து சேரும் வேகம் இறங்கும், சிவியில் (வோல்ற்றளவை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை அளக்கும் முறை) உச்ச மின்னோட்டம் பரவல் குணகத்தின் வர்க்கமூலத்தோடு இறங்கும். பரவல் நூறில் ஒன்றானால் மின்னோட்டம் பத்தில் ஒன்று. கிராபீன் போட்டு இரண்டு மடங்கு கூட்டினேன் என்று மகிழ்ந்திருப்போம், கரைப்பான் அமைதியாகப் பத்து மடங்கைத் திருப்பி எடுத்துவிடும். போதாததற்கு, கோலின் குளோரைட்டுக் கலவையில் நேர்ப்பக்கம் அதிகம் போனால் குளோரைட்டே ஒட்சியேறிக் குளோரீன் கிளம்பும். மூக்கு முதலில் கண்டுபிடிக்கும்.

செலுலோசிலிருந்து எடுக்கும் சைரீன் பற்றியும் கேட்டிருக்கலாம். என்எம்பிக்குப் பதிலாகக் கிராபீன் மை தயாரிக்க அது நல்ல திரவம், அவ்வளவே. கீற்றோன் கூட்டம் உள்ளது, தண்ணீரோடும் காரத்தோடும் தாக்கம் புரியும். அளக்கும் கலத்தில் அதைப் போட நான் துணிய மாட்டேன். அயனித் திரவத்தை வாங்கினால் ஹெக்சாபுளோரோபொஸ்பேற்று உள்ளதை எடுக்காதீர்கள், ஈரத்தோடு மெல்ல நீர்ப்பகுப்படைந்து ஐதரசன் புளோரைட்டு தரும். இந்த ஊரின் காற்றுக்கு அது வேண்டாத விருந்தாளி.

இனி உங்கள் பெட்டிக்கு வருவோம். அச்சிட்ட மின்வாய் என்றால் அதில் கிராபீன் மட்டும் இல்லை. மையில் பிணைப்புப் பொருள் உண்டு, மேலே காவலிப் படலம் உண்டு, பக்கத்தில் வெள்ளி மையில் ஒப்பீட்டு மின்வாய் உண்டு. எல்லாம் தண்ணீருக்காகச் செய்யப்பட்டவை. ஒருமுறை ஒரு மாணவர் அப்படியொரு மின்வாயில் அசற்றோநைத்திரைல் ஒரு துளி வைத்து அளந்துகொண்டிருந்தார். முதல் இரண்டு சுற்று அருமையாக வந்தது. மூன்றாவதில் பின்னணி மின்னோட்டம் வீங்கத் தொடங்கியது, ஐந்தாவதில் கோடு கிறுக்கல். எடுத்துப் பார்த்தோம். துளி இருந்த இடத்தைச் சுற்றிச் சாம்பல் நிற வளையம், காவலிப் படலத்தின் விளிம்பு பழைய சுவரொட்டி மாதிரிக் கிளம்பி நிற்கிறது, வேலை செய்யும் பரப்பு முன்பிருந்ததைவிடப் பெரிதாகிவிட்டது. அந்த வீங்கலை மட்டும் பார்த்திருந்தால் கரைப்பான் கிராபீனைத் தூண்டுகிறது என்று ஒரு கட்டுரையே எழுதியிருக்கலாம்.

ஆகவே முதல் சோதனை இது: மின்வாயைக் கரைப்பானில் அரை மணி நேரம் வெறுமனே ஊறவிட்டு, உலர்த்தி, பிறகு தண்ணீரில் உங்களுக்குப் பழக்கமான பெரிசயனைட்டில் முன்னும் பின்னும் சிவி எடுத்து ஒப்பிடுங்கள். மாறியிருந்தால் அந்தக் கரைப்பான் வேண்டாம். பிவிடிஎஃப் என்ற பிளாஸ்ரிக்குப் பிணைப்பில் நீங்களே பூசியதாக இருந்தால் என்எம்பி, டைமெதில்போமமைட்டு, டைமெதில்சல்பொக்சைட்டு மூன்றும் அதைக் கரைத்துவிடும். எதனோலுக்கு அது அசையாது.

பல படைகள் அடுக்கிய கிராபீனில் இன்னொரு ஆபத்து, படைகளுக்கு இடையே அயன்கள் நுழைவது. புரொப்பிலீன் காபனேற்றில் இலிதியம் அயன் கரைப்பான் மூலக்கூறுகளையும் இழுத்துக்கொண்டு காரீயப் படைகளுக்குள் போய் அவற்றை உரித்துவிடும். 1991இல் சந்தைக்கு வந்த முதல் இலிதியம் அயன் பற்றரிகளில் காரீயத்துக்குப் பதிலாகக் கோக் காபன் இருந்ததற்கு இது ஒரு முக்கிய காரணம். எத்திலீன் காபனேற்று வந்த பின்தான் காரீயம் உள்ளே வர முடிந்தது. இரண்டு கரைப்பானுக்கும் இடையில் வித்தியாசம் ஒரேயொரு மெதில் கூட்டம். நேர்ப்பக்கம் அதிகம் போனால் பேர்குளோரேற்று போன்ற எதிரயன்களும் நுழையும். கரைப்பானின் விண்டோ ஐந்து வோல்ற்று என்று புத்தகம் சொல்லலாம், உங்கள் மின்வாயின் விண்டோ அதைவிடச் சிறிது.

கிராபீன் என்ற சொல்லையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். 2004இல் மான்செஸ்டரில் கெய்மும் நொவொசெலொவும் ஒட்டுநாடாவால் உரித்தெடுத்தது ஒற்றைப் படை, அதற்கு 2010இல் நோபல் பரிசு. அச்சு மையில் இருப்பது பெரும்பாலும் தாழ்த்திய கிராபீன் ஒட்சைட்டு, அல்லது பல படை காரீயத் துகள். ஒட்சைட்டு செய்யும் வழியில் பொற்றாசியம் பேர்மங்கனேற்று வருகிறது, அதன் மங்கனீசில் கொஞ்சம் மிஞ்சிவிடும். அந்த உலோகத் துணுக்கே வினையூக்கியாக வேலை செய்துவிட்டுப் பெயர் கிராபீனுக்குப் போகும். செக் நாட்டில் மார்ட்டின் பூமெரா குழு 2020இல் பறவை எச்சத்தையே கிராபீனில் சேர்த்து, அதுவும் வினையூக்கத்தைக் கூட்டுகிறது என்று அளந்து காட்டியது. துறையில் இருப்பவர்கள் சிரித்தார்கள், கொஞ்சம் நெளிந்தார்கள்.

காற்றில் கிடந்த கிராபீனும் புதிதாக உரித்த கிராபீனும் ஒன்றல்ல. புதிதாக உரித்த காரீய முகத்தில் தண்ணீர்த் துளியின் தொடுகைக் கோணம் அறுபதுகளில் இருக்கும், காற்றிலுள்ள ஐதரோகாபன்கள் படியப் படிய அது 90ஐ எட்டும். கொழும்பின் காலி வீதிப் புகையைச் சுவாசித்துக்கொண்டு மேசையில் கிடக்கும் மின்வாய் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். கரிமக் கரைப்பான்கள் இப்படி எண்ணெய் பிடித்த பரப்பை நன்றாக நனைக்கும், நுண்துளைகளுக்குள்ளும் போகும். கரிமக் கரைப்பானில் மின்னோட்டம் கூடியது என்றால் இது மட்டுமே காரணமாகவும் இருக்கலாம்.

ஒப்பீட்டு மின்வாய் பற்றி ஒன்று. தண்ணீருக்கான வெள்ளி, வெள்ளிக் குளோரைட்டு மின்வாயைப் பேர்குளோரேற்று உப்புள்ள அசற்றோநைத்திரைலில் நேரே நட்டுவிடாதீர்கள். உள்ளேயிருக்கும் பொற்றாசியமும் வெளியேயுள்ள பேர்குளோரேற்றும் நுண்துளை முனையில் சந்தித்து வெள்ளைப் படிவாக இறுகும். அடைபட்ட முனையோடு மின்னழுத்தம் மணிக்கு மணி நகரும், நீங்கள் பொட்டன்சியோஸ்டற்றை (மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கருவியை) திட்டுவீர்கள். பெரோசீன் என்ற இரும்புச் சேர்மத்தில் கொஞ்சம் கரைசலிலேயே போட்டு அதன் உச்சங்களின் நடுவைப் பூச்சியமாக வைத்துக்கொள்வது எளிது, சர்வதேச இரசாயன அமைப்பான ஐயுபிஏசி 1984இலேயே பரிந்துரைத்த வழி. பேர்குளோரேற்று உப்புள்ள கரிமக் கரைசலை ஒருபோதும் வற்றும்வரை சூடாக்காதீர்கள், வெடிக்கும்.

இவ்வளவும் தெரிந்துகொண்டு, உங்கள் வேலைக்கு நான் என்ன செய்வேன் என்று சொல்கிறேன்.

புறக்கோட்டைச் சந்தையில் வாங்கிய தூளில் ஒரு கிராமை 10 மில்லிலீற்றர் எதனோலில் குலுக்கி, வடித்து எடுப்பேன். தூளில் குர்குமின் 3 சதவீதம் என்று வைத்தால் அது 30 மில்லிகிராம், கரைசல் ஏறத்தாழ 8 மில்லிமோலர். எதனோலால் பத்து மடங்கு ஐதாக்கி, அதில் 100 மைக்ரோலீற்றரை 10 மில்லிலீற்றர் அளவைக் கரைசலில் விடுவேன், 8 மைக்ரோமோலர் கிடைக்கும். அளவைக் கரைசல் பிஎச் 5க்கு அருகில் ஒரு அசற்றேற்றுத் தாங்கல் (பிஎச் மாறாமல் பிடித்து வைக்கும் கரைசல்), அதில் 30 சதவீதம் எதனோல். அந்த எதனோல் குர்குமின் கலங்காமல் இருக்க, அதற்கு மேல் வேண்டாம், கூடினால் மேற்பரப்பில் ஒட்டுவது குறையும். அச்சிட்ட மின்வாய் இந்தக் கலவையை வழக்கமாகத் தாங்கும், ஆனாலும் ஊறவைக்கும் சோதனையைச் செய்துவிட்டே தொடங்குங்கள்.

மின்வாயை மூன்று நிமிடம் கலக்கிக்கொண்டு ஊறவிடுங்கள், கலக்குவதை நிறுத்தி பதினைந்து விநாடி பொறுத்து அளவுங்கள். முதல் சுற்றின் உச்சத்தை மட்டும் எடுங்கள். இரண்டாவதில் அது விழுந்துவிடும், ஒட்சியேறிய பீனோல் பரப்பில் பிசின் மாதிரிப் படிவதால். எதனோலில் ஒரு நிமிடம் அலசினால் கொஞ்சம் மீளும், முழுமையாக மீளாது. அச்சிட்ட மின்வாய் என்றால் ஒவ்வொரு மாதிரிக்கும் புதியது. இன்னும் சுத்தமாக வேண்டுமானால் ஊறவைத்த மின்வாயை மெல்ல அலசி, மாதிரியே இல்லாத வெறும் தாங்கலில் வைத்து அளக்கலாம். தூளிலுள்ள மற்றச் சாமான்கள் பழைய கலத்திலேயே நின்றுவிடும்.

ஒட்சிசனைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை, நீங்கள் போவது நேர்ப்பக்கம். சாயம் கலந்திருக்கிறதா என்று பார்க்க எதிர்ப்பக்கம் போனால் மட்டும் நைதரசன் குமிழ விடுங்கள். எதனோல் இருப்பதால் வாயுவை முதலில் அதே கலவையுள்ள இன்னொரு போத்தல் வழியாக விட்டு எடுங்கள், இல்லாவிட்டால் கலத்திலுள்ள எதனோல் ஆவியாகிப் போய் உங்கள் 30 சதவீதம் 25 ஆகிவிடும்.

அளவுகோலுக்கு நியமச் சேர்ப்பு முறை. அதே மாதிரிக்குள் தெரிந்த அளவு குர்குமினை மூன்று தடவை சேர்த்துக் கோடு வரையுங்கள். கிடைப்பது குர்குமினும் அதன் இரண்டு உறவினர் பீனோல்களும் சேர்ந்த தொகை என்பதை அறிக்கையில் எழுத மறக்காதீர்கள். அரிசிமா கலந்திருந்தால் எண் இறங்கும், எது கலந்தது என்று இந்த முறை சொல்லாது. 2020இல் இறக்குமதித் தடையால் மஞ்சள் விலை கிலோவுக்கு ஆயிரக்கணக்கில் ஏறியபோது பலருக்கு வேண்டியிருந்ததும் அந்த முதல் எண்தான்.

கடைசியாக ஒப்பீட்டுக்கு ஒரு சாதாரண 2பி பென்சில் முனையைச் சீவி, அதே கலத்தில், அதே மூன்று நிமிடம் ஊறவைத்து அளந்து பாருங்கள். முடிந்தால் போகல அல்லது கஹட்டகஹ சுரங்கத்துக் காரீயக் கட்டி ஒன்றையும் தேடிப் பிடியுங்கள். பாறைப் பிளவுகளில் நரம்பு போல ஓடும் நம்முடைய காரீயத்தில் சில கட்டிகள் 99 சதவீதத் தூய்மையைத் தொடும். ஒட்டுநாடாவால் ஒரு படலம் உரித்தால் ஒவ்வொரு தடவையும் புத்தம் புது முகம் கிடைக்கும், பிசின் படிந்தாலும் கவலையில்லை, இன்னொரு தடவை உரிக்கலாம். அது உங்கள் கிராபீன் தரும் எண்ணையே தந்தால் பெட்டியில் மிச்சமிருப்பதை வேறு ஆய்வுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தராவிட்டால், வித்தியாசம் எவ்வளவு என்று எனக்கும் எழுதி அனுப்புங்கள், பார்க்க ஆவலாக இருக்கிறேன்.